மேகத்தில் இல்லாத காளை

லமாய் எறிந்த செல்போன் சவேக்கின் முன்பற்கள் இரண்டைப் பெயர்த்துக்கொண்டு சண்டைக்களத்துக்குள் போய் விழுந்தது. இரண்டு என்று குறைத்துச் சொல்வது சவேக்கின் மானத்தைக் காப்பாற்றத்தான். நான் எண்ணியது நான்கு. அதில் ஒன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவரின் ஐஸ் காப்பிக்குள் விழ, அவர் ஐஸ்கட்டி என்று நினைத்துக் கடித்தார். தாய்லாந்தின் தெற்கே, எங்கள் திராங் நகரத்துக் காப்பிக்கடை ஒன்று விடாமல் இதைச் சொல்லியிருக்கிறேன். இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை.

களத்துக்குள் அப்போது இரண்டு காளைகள் மண்டையோடு மண்டை முட்டி நின்றன. சிவப்புக் காளை ஓர் அடி தள்ளியது. கறுப்புக் காளை சரிந்துவிடாமல் பின்னங்காலை ஓங்கி ஊன்றியது. ஊன்றிய இடத்தில் லமாயின் போன் கிடந்தது. வேர்க்கடலையை உடைத்ததுபோல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

அந்தக் கறுப்புக் காளை லமாயினுடையது. பெயர் சிங் டாம். அது அவளுடையது என்பதற்கு இருந்த சாட்சியெல்லாம் அந்த போனுக்குள் இருந்த படங்கள்தாம். தனக்கு ஆதரவான சாட்சியைத் தானே மிதித்துக் கொன்ற பிராணியை அறுபத்தாறு வயதில் அன்றுதான் பார்த்தேன்.

லமாய் எங்கள் ஊரில் ரப்பர் மரம் சீவுகிறவள். எனக்கு அடுத்த வீடு. சிங் டாம் பிறந்த அன்று அவள்தான் கொட்டகையில் நின்று அவனைத் துடைத்தாள். பிறகு ஐந்து வருடம் அவனுக்கு அவள் போட்ட புல்லை நீளவாக்கில் அடுக்கினால் மலேசிய எல்லையைத் தாண்டும். தினமும் காலையில் எட்டு கிலோமீட்டர் நடத்திக்கொண்டு போவாள், குளிப்பாட்டுவாள், கொசுவலைக்குள் தூங்க வைப்பாள். அந்தச் சண்டைக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால், அவள் சந்தைக்குப் போயிருந்த ஒரு மதியம் கொட்டகையின் மூங்கில் அறுக்கப்பட்டிருந்தது. கொசுவலை மட்டும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மாவட்டக் களத்தில் ‘காவ் லுவாங்’ என்ற புதுக் காளை இறங்குகிறது என்று கேள்விப்பட்டு, என் பிக்கப் வண்டியில் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் சேர்ந்தபோது சண்டை தொடங்கிவிட்டது. கால் நான்கும் செம்பட்டையாக இருந்தது அந்தக் கறுப்புக் காளைக்கு. தலைக்குப் பூசுகிற மலிவுச் சாயம் என்று எனக்கே தெரிந்தது. லமாய் காலைப் பார்க்கவேயில்லை. தலையைப் பார்த்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு களத்து மதிலுக்கு ஓடினாள். காளையைக் கொண்டுவந்தவன் சவேக், மாட்டுத் தரகன். மதிலில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

“ஏய், இது என் சிங் டாம்டா!”

“கறுப்பா எது நின்னாலும் உன்னுதாக்கா? எங்க வீட்டு அடுப்பு கூடக் கறுப்புதான். வேணும்னா அதையும் தூக்கிட்டுப் போ.”

களத்தலைவர் பின்யோ வந்தார். முன்னாள் போலீஸ்காரர். கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் அவருக்கு இன்னொரு தோள் இருக்கும்.

“லமாய், சத்தம் போடாதே. படம் இருக்கா? சுழி தெரியற படம்?”

அதுதான் இங்கே சட்டம். நிறத்தை வைத்து அடையாளம் சொல்கிறவனை எங்கள் தெற்கில் சீந்த மாட்டார்கள். நிறத்துக்குச் சாயம் உண்டு, கொம்புக்கு அரம் உண்டு, பெயருக்கு வாய் உண்டு. ரோமச் சுழி மட்டும் கன்றாகப் பிறந்த அன்று எங்கே சுழித்ததோ, சாகிற அன்றும் அங்கேதான். காளைக்கு ஆறு வயதாகாமல் அரசாங்கச் சீட்டு கிடையாது. அதனால் காளை தன்னுடையது என்று ஒருவர் வந்தால், அது காணாமல் போவதற்கு முன்னால் எடுத்த சுழிப்படத்தைக் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது. நின்றுகொண்டிருக்கும் காளையைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சுழி சொல்லிவிடலாமே.

“முந்நூறு படம் இருக்கு,” என்று லமாய் போனைத் தூக்கிக் காட்டினாள்.

“காட்டுக்கா காட்டு,” என்றான் சவேக். “அப்படியே உன் புருஷன் படத்தையும் காட்டு. அவனும் உன் வீட்டிலேர்ந்து காணாமப் போனவன்தானே? அவனையும் நாந்தான் அவுத்துட்டுப் போனேனா?”

பிறகுதான் போன் பறந்தது.

பின்யோ நசுங்கிய போனை எட்டிப் பார்த்தார். மதில்மேல் ரத்தம் துப்பிக்கொண்டிருந்த சவேக்கைப் பார்த்தார். வாசலில் நின்ற லாரியைப் பார்த்தார். கசாப்புக்காரனின் லாரி அது. தோற்ற காளைக்குத் தீவனம் போடுகிற தரகன் எங்கள் தெற்கிலேயே பிறக்கவில்லை. காளை திரும்பி ஓடியதும் நேராக அந்த லாரிதான்.

“ரெண்டுல ஒண்ணு திரும்பி ஓடற வரைக்கும் உனக்கு நேரம்,” என்றார் பின்யோ. “அதுக்குள்ள படம் வந்தா பாக்கறேன். வரலேன்னா காளை அவனோடது. அவன் லாரியில ஏத்தினாலும் நான் கேக்க முடியாது.”

லமாய் துளியும் பதறவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

“போன் கெடக்குது விடுங்க. எல்லாம் அந்த மேகத்துல இருக்குல்ல, மானோப் அண்ணே?”

நான் தொலைபேசித் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். என்ன வேலை என்றால், கம்பம் ஏறுகிற வேலை. ஆனால் ஊரில் எவர் செல்போன் மூச்சுவிடாவிட்டாலும் என் வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கம்பத்து உச்சி வரைக்கும் போனவனுக்கு அதற்கு மேலே இருக்கிற மேகம் தெரியாதா என்று அவர்கள் நினைப்பு. நானும் அதைக் கெடுக்கவில்லை. லமாய்க்கு அந்த இலவசக் கிளவுடைப் போட்டுக் கொடுத்தது நான்தான். “பதினஞ்சு ஜிபி சும்மா தர்றான். உனக்கும் உன் மாட்டுக்கும் ஏழு ஜென்மத்துக்குத் தாங்கும். இதுக்குக் காசு கட்டறவன் காத்தைக் காசு கொடுத்து வாங்கறவன்,” என்று காப்பிக்கடையில் எல்லோரும் கேட்கச் சொன்னதும் நான்தான்.

என் போனை எடுத்தேன். அதற்குள் சவேக்கின் ஆட்கள் இருவர் வந்துவிட்டார்கள். ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். லமாய் அவன் கையைப் பிடித்தாள். ரப்பர் சீவுகிற கை அது. பிடித்தால் பால் வரும். அவன் அலறிக்கொண்டு உட்கார்ந்தான். இன்னொருவன் நாற்காலியைத் தூக்கினான். அது வேறொருவர் உட்கார்ந்திருந்த நாற்காலி. அவர் விழுந்த வேகத்தில் பக்கத்தில் இருந்தவரை அறைந்தார். அவர் தன் பக்கத்தில் இருந்தவரை. கண் இமைப்பதற்குள் மேற்கு வரிசை முழுவதும், இன்ன காரணம் என்று தெரியாமலே, அடித்துக்கொண்டது. எண்ணூறு பேர் இருக்கும். சரி, இருநூறு. ஆனால் எண்ணூறு பேருக்கு உண்டான செருப்பு பறந்தது.

நானும் லமாயும் பன்றி வறுவல் கடை ஒன்றின் மேசைக்கு அடியில் புகுந்தோம்.

“பாஸ்வேர்டு சொல்லு!”

“சிங்டாம், பொறந்த தேதி!”

“மெதுவாச் சொல்லு!”

“சிங்! டாம்!” என்று கத்தினாள். சரியாக அந்த நொடி மேலே ஒரு சோற்றுப் பானை உடைந்தது. களத்தில் இருந்த எல்லோருக்கும் இப்போது அவள் பாஸ்வேர்டு தெரியும். நல்லவேளை, போனுக்கு ரகசிய எண் அனுப்பிச் சரிபார்க்கிற அந்தப் பாதுகாப்பை நான் போட்டுக்கொடுத்திருக்கவில்லை. போட்டிருந்தால் அந்த எண் காளையின் குளம்புக்கு அடியில் போய்ச் சேர்ந்திருக்கும்.

மேகத்தின் கதவு திறந்தது. படங்கள் வந்தன.

மஞ்சள் சாமந்தி. இனிய திங்கள். இளஞ்சிவப்பு ரோஜா. இனிய செவ்வாய். பச்சை இலைமேல் பனித்துளி. இனிய புதன். தாமரை. பூனைக்குட்டி. காப்பிக் கோப்பை மேல் ஆவியும் ஆசீர்வாதமும். ஆரஞ்சு வியாழன், நீல வெள்ளி, ஊதாச் சனி. புத்தர். மறுபடி ரோஜா. புத்தர். புத்தர்.

“காளை எங்க?” என்றேன்.

“கீழ தள்ளுங்கண்ணே.”

தள்ளினேன். விரல் தேய்கிற வரைக்கும் தள்ளினேன். எங்கள் ஊர் நடுவயதுப் பெண்கள் விடிந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் கிழமைக்கு ஒரு நிறமாக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிற அந்த வாழ்த்துப் படங்கள், இடம் தீர்கிற வரைக்கும் வந்தவை, ஒன்று விடாமல் அங்கே இருந்தன. மேலே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: இடம் நிரம்பிவிட்டது, இரண்டு வருடம் மூன்று மாதமாக எதுவும் சேமிக்கப்படவில்லை.

“லமாய்! இது ரொம்பி ரெண்டு வருஷமாச்சு! உன்கிட்ட ஒண்ணுமே சொல்லலியா அது?”

“சொல்லுச்சு. இடமில்ல, அழின்னு தினமும் சொல்லுச்சு. அழிச்சேனே!”

“எதை?”

“கன்னுக்குட்டிப் படத்தை.”

மேசைக்கு மேலே ஒருவன் பன்றிக்காலால் இன்னொருவனை அடிக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பன்றிக்கால் என் தலையில் விழுந்திருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

“பூவை அழிச்சிருக்கக் கூடாதா?”

“பூவுல புத்தர் இருக்காருண்ணே! புத்தர் மேல வெரல வெச்சுக் குப்பைத்தொட்டிக்குத் தள்ளச் சொல்றீங்களா? அடுத்த ஜென்மத்துல பல்லியாப் பொறக்கவா? கன்னுக்குட்டி கொட்டகையில நெஜமா நிக்குது, படம் எதுக்குன்னு நெனச்சேன். அதுவுமில்லாம போன்ல அழிச்சாலும் மேகத்துல இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொன்னேன். தெரியாமல் சொன்னேன். இங்கே அழித்தால் அங்கேயும் அழிகிற கண்ணாடி அது, பெட்டகம் இல்லை. எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, பன்றி எண்ணெய் சொட்டுகிற மேசைக்கு அடியில், மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தபோது. கன்றுப் படங்களை அவள் அழித்தாள். வளர்ந்த காளையின் படங்களுக்கு அங்கே இடமில்லை. போனில் மட்டும் இருந்தவை மண்ணுக்குள் போயின. சிங் டாமுக்கு ஒரு படம்கூட உலகத்தில் இல்லை.

மேசைவிரிப்பை விலக்கிக் களத்தைப் பார்த்தேன். சிவப்புக் காளை டேங் ஃபாய், பதினோரு சண்டையில் தோற்காதவன், கொம்பை சிங் டாமின் காதடியில் கொடுத்துத் திருகிக்கொண்டிருந்தான். சாவியைப் பூட்டில் திருகுவதுபோல. ஒவ்வொரு திருகலுக்கும் சிங் டாமின் கழுத்திலிருந்து ரத்தம் கொப்பளித்து வந்து மண்ணைச் சேறாக்கியது. முழங்கால் நடுங்கியது. ஆனால் கால் எடுக்கவில்லை.

லமாயும் பார்த்தாள். மூச்சு மாட்டு மூச்சுபோல வந்தது.

“யாருக்காவது அவன் படம் அனுப்பியிருக்கியா? யோசி.”

“ஒரே ஒரு தடவை. கன்னா இருக்கறப்ப, செவ்வாய்க்கிழமை வாழ்த்து. நானே செஞ்சது. அவன் மூஞ்சிய வெச்சு, தாமரை ஒட்டி, எழுத்து போட்டு, எல்லாருக்கும் அனுப்புனேன். உங்களுக்கும்தான்.”

எனக்கும்தான். நான் கெட்டிக்காரன் அல்லவா? அன்றன்றைய வாழ்த்தை அன்றன்றைக்கே அழித்து, என் பதினைந்து ஜிபியைக் கோயில் முற்றம்போலப் பெருக்கி வைத்திருப்பவன். என் தம்பி மனைவியைக் கூப்பிட்டேன். அவள் போனில் அந்தப் படம் இருந்த இடத்தில் சாம்பல்நிறச் சதுரம், பழையதெல்லாம் காலாவதியாகிவிட்டதாம். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டேன். ஒருத்தி புதுப் போன் மாற்றிவிட்டாள். ஒருத்தி, “செவ்வாய் வாழ்த்தா? இன்னிக்கு ஞாயிறாச்சே,” என்றாள்.

அப்போது மேசை மேலே போயிற்று. இரண்டு கைகள் அதைப் பாத்திரம் பண்டத்தோடு தூக்கி ஓரமாக வைத்தன. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரி பன்றி வெட்டுகிற கத்தியோடு எங்கள் தலைக்கு மேல் நின்றாள். சதுரக் கத்தி. அதன் அலகில் என் முகம் முழுவதும் தெரிந்தது. மிச்ச இடத்தில் என் வீட்டையும் பார்த்திருக்கலாம்.

“எம் புள்ள பல்ல ஒடச்சவ நீதானா?”

சவேக்கின் அம்மா. அவள் கடைக்கு அடியிலேயே வந்து ஒளிந்திருக்கிறோம்.

“ஆமா,” என்றாள் லமாய். எழுந்து நின்றாள். “உம் புள்ள எம் புள்ளையத் திருடிட்டு வந்து அங்க கொல்லக் குடுத்திருக்கான். வெட்டறதுன்னா வெட்டு. முப்பது கட்டுப் புல்லு தூக்கற ஒடம்பு, ஒரே வெட்டுல போவாது. எம்பேரு லமாய். ரோஜா லமாய்னு கேட்டா எங்க பக்கம் எவளும் சொல்வா.”

கத்தி பாதி வழியில் நின்றது.

“எந்த லமாய்? ‘விடியல் வாழ்த்து’ குழுவுல தெனமும் மொத ஆளா ரோஜா போடற லமாயா?”

லமாய் விழித்தாள். “நீங்க?”

“நுவான். தாமரை நுவான்!”

“அக்கா! புத்தருக்குப் பின்னால வானவில் வெச்சு அனுப்பறது நீங்களா!”

“ஐயோ, தங்கச்சி! எம் மூட்டு வலிக்கு எருக்க எலை வெச்சுக் கட்டச் சொன்னியே, இப்ப ஓடறேன் பாரு!”

நான்கு வருடம் தினமும் விடியலில் பேசிக்கொண்டவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. சுற்றிலும் நாற்காலிகள் பறக்க, நடுவில் நின்று கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். நுவானின் ஒரு கையில் கத்தி அப்படியே இருந்தது. ஒரு நாற்காலிக் கால் என் முதுகில் விழுந்தது. நான் அவர்களுக்கு நடுவே தலையை நீட்டினேன்.

“நுவான் அக்கா, கன்னுக்குட்டி மேல தாமரை ஒட்டின செவ்வாய்க்கிழமைப் படம்... ஞாபகம் இருக்கா?”

“ஞாபகமா? எங்கிட்ட இருக்கே! நாலு வருஷத்துப் படமும் இருக்கு. கெழமை வாரியா அடுக்கி வெச்சிருக்கேன். மாசாமாசம் காசு கட்டறேன்ல? ஒரு தட்டு கோழிச்சோத்துக் காசுதான். எவனோ ஒரு தொலைபேசிக்காரன் காப்பிக்கடையில சொன்னானாம், காசு கட்டறவன் காத்தை வாங்கறவன்னு. அந்தக் குரங்கு எங்கயாவது கெடைச்சா காட்டு.”

நான் சண்டையைக் கவனிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

நுவான் கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனைத் திறந்தாள். செவ்வாய். விரல் ஓடியது. இளஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு.

“இந்தா!”

கறுப்புக் கன்று. ஈர மூக்கு. நெற்றியில் ஒரு தாமரை. ‘செவ்வாய் இனிதாகட்டும், வயிறு நிறையட்டும்.’

“அம்மா!” என்று பின்னாலிருந்து ஒரு காற்றுக் குரல் வந்தது. பல்லில்லாத சவேக். உதடு உலக்கைபோல வீங்கியிருந்தது. “அத காத்தாத! அம்மா! போன குது!”

நுவான் மகனைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். களத்தில் ரத்தம் சொட்ட நின்ற கறுப்பைப் பார்த்தாள். அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. ஆடு, மாடு, பன்றி மூன்றையும் அறுத்துத்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள்.

“இந்தக் கன்னைக் கும்பிட்டு முப்பது பேருக்கு அனுப்புனேன்டா நான்,” என்றாள் மெதுவாக. “எம் மூட்டு வலி போன அன்னிக்கு அனுப்புனது. இதையா அவுத்துட்டு வந்த?”

“இல்லம்மா...”

கத்தியின் தட்டைப் பக்கம் அவன் காதில் விழுந்தது. கோயில் மணி அடித்ததுபோல இருந்தது. இரண்டாவது அடி மறுகாதில். அவனுக்கு உதவ வந்த ஆட்கள் இருவரும் பாதி வழியில் நின்று, வேறு யாருக்கோ உதவுவதுபோலத் திரும்பிப் போனார்கள்.

பின்யோ போனை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். 

“நெத்தியில என்ன சுழி?”

“இரட்டைச் சுழி,” என்றாள் லமாய்.

“எங்க தெரியுது? நெத்தி பூரா தாமரைல்ல இருக்கு!”

லமாய் இலக்கணமாக நெற்றிக்கு நடுவில் ஒட்டியிருந்தாள் அந்தத் தாமரையை.

“இடது காதடிய பாருங்கண்ணே,” என்றாள். “எதிர்ச்சுழி. வலத்துலேர்ந்து இடத்துக்குப் போவும். அது போல நூத்துல ஒண்ணுக்கும் கெடையாது.”

பின்யோ படத்தைப் பெரிதாக்கினார். கன்றின் இடது காதடியில், விரல்நுனி அளவுக்கு ஒரு சுழி, தப்பான திசையில் சுழன்றுகொண்டிருந்தது. மதிலுக்கு ஓடிப்போய்ச் சாய்ந்தார். சிங் டாமின் இடது காது எங்கள் பக்கம்தான் இருந்தது. ஆனால் அங்கே சேறும் ரத்தமும் அப்பிக் கிடந்தன. ஒரு வாளித் தண்ணீரை அள்ளி வீசினார். சேறு இறங்கியது. சுழி தெரிந்தது. அதே விரல்நுனி, அதே தப்பான திசை. தண்ணீர் இறங்கிய வழியில் முன்னங்காலின் செம்பட்டையும் கரைந்து ஓடியது. மேற்கு வரிசையே அடிப்பதை நிறுத்திவிட்டு, “ஓ!” என்றது.

“காளை லமாயோடது,” என்றார் பின்யோ.

“அப்ப வெளிய கொண்டுவாங்க!”

பின்யோ வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “சண்டை நடக்குது தங்கச்சி. ஒண்ணு திரும்பாம கயித்தப் போட்டா, பந்தயம் கட்டினவன் களத்தையே கொளுத்திருவான். காளை உன்னுது, லாரிக்குப் போவாது. தோத்தாலும் வீட்டுக்குத்தான் வரும். திரும்பட்டும், விடு.”

“அவன் திரும்ப மாட்டான்,” என்றாள் லமாய்.

உண்மை. சேற்றில் புதைந்த முழங்காலோடு அவன் நின்றான். டேங் ஃபாயின் கொம்பு இப்போது கண்ணுக்கு மேலே ஏறியிருந்தது. ஒரு திருகல். இடது கண் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு குழி. கூட்டம் ஊளையிட்டது. அவன் கத்தவில்லை. ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. இன்னும் நான்கு திருகல் வாங்கி நின்ற இடத்திலேயே செத்துப்போவான். அப்படித்தான் வளர்த்திருந்தாள் அவள்.

லமாய் மதில் ஏறிக் குதித்தாள்.

ரப்பர் தோட்டத்துக்குப் போடுகிற நீள பூட்ஸ் காலில் இருந்தது. ஒன்றைக் கழற்றி டேங் ஃபாயின் மூக்கில் அடித்தாள். பதினோரு காளைகளை ஓடவிட்டவனின் மூக்கில்! அவன் தலையை உதறினான். கொம்பின் தட்டையான இடம்தான் பட்டது. லமாய் காற்றில் எழுந்தாள். நான் சத்தியமாகச் சொல்வேன், மதிலுக்கு மேலே அவள் முகம் என் முகத்துக்கு நேராக ஒரு நொடி நின்றது, வாயில் கெட்ட வார்த்தை பாதியில் இருந்தது. பிறகு கீழே போனாள். விலா எலும்பு மூன்று முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

சேற்றில் கிடந்தபடி கத்தினாள். “சிங்! வாடா! புல்லுக்கு வாடா!”

மாலையில் அவள் கொட்டகையில் கூப்பிடுகிற குரல். என் வீட்டுக்கு ஐந்து வருடமாகக் கேட்ட குரல். சிங் டாமின் காது ஒன்று அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு தலை திரும்பியது. பிறகு, தன் வாழ்க்கையில் முதன்முறையாக, எதிராளிக்கு முதுகைக் காட்டி சிங் டாம் முழுவதும் திரும்பி, அவளை நோக்கி நடந்தான்.

தோற்றான். கூட்டம் கூரையைப் பிய்த்தது. பாட்டில்கள் மழையாகக் கொட்டின. டேங் ஃபாய் விடவில்லை; சிங் டாமின் பின்தொடையில் ஒரு குத்துக் குத்தினான், சதை வாழைப்பூபோல மலர்ந்தது. கயிற்றுக்காரர்கள் ஆறு பேர் பாய்ந்து டேங் ஃபாயை இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் வாசல் கதவு திறந்துகொண்டது. வாசலில், லாரிக்காரனிடம் ஏதோ காற்றோடு பேசிக்கொண்டு, சவேக் நின்றான். சண்டை பாதியில் போன கோபத்தில் டேங் ஃபாய் ஆறு பேரையும் சேற்றில் இழுத்துக்கொண்டு வந்தான். சவேக் எட்டு மீட்டர் உயரம் போனான் என்று நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் கசாப்பு லாரியின் பின்தட்டில் விழுந்தான் என்பதை நம்ப வேண்டும். இடுப்பு உடைந்து, ஆறு மாதம் படுத்துக் கிடந்தான். நுவான் தினமும் வந்து கஞ்சி ஊட்டினாள், திட்டிக்கொண்டே.

லமாய் சிங் டாமின் கழுத்தைப் பிடித்து எழுந்தாள். ஒரு பாட்டில் அவள் தோளில் உடைந்தது. அவள் கவனிக்கவில்லை. இரண்டு பேரும் சாய்ந்து சாய்ந்து, யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று தெரியாமல் வெளியே வந்தார்கள். நுவான் கத்தியைச் சுழற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். வழி தானாக விட்டது.

ஆஸ்பத்திரிக்கு முதலில் போகலாம் என்றேன். மாட்டு டாக்டரிடம் முதலில் போங்கள் என்றாள் லமாய். என் வண்டியின் பின்பக்கத்தில் காளை ஏறியதும் முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. இதில் மிகை கிடையாது. நுவான் முன்சீட்டில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பாரத்தைச் சமன்செய்தாள்.

“உங்க பேரு என்ன தம்பி? என்ன வேலை பாத்தீங்க?”

“விவசாயம்,” என்றேன்.

பின்னால் லமாய் ஒரு கையால் விலாவையும் இன்னொரு கையால் அவன் கண்குழியில் வைத்த துணியையும் அழுத்திக்கொண்டு, திரும்பி ஓடிவந்த கோழை என்றும், ஊரில் இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு தலைநிமிர்வது என்றும் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டு வந்தாள். அவன் மிச்சமிருந்த கண்ணை மூடி, அவள் தோளில் தலையைச் சாய்த்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தான்.